வடசென்னையில் பெய்த மழையும் கணினியில் பெய்த மழையும்: வட்டாரக் காலநிலை மாதிரிகளை எப்படிச் சோதிக்கிறார்கள்?

ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையின்போதும், வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் கொடுங்கையூரிலும் மணலியிலும் தேங்கிய தண்ணீர் வடிவதற்கு முன்பே ஒரு கேள்வி எழுந்துவிடுகிறது: இனி வரும் ஆண்டுகளில் மழை இதைவிடக் கூடுமா? விடை தேடிச் செய்திகளைப் புரட்டுபவருக்குக் குழப்பமே மிஞ்சுகிறது. ஓர் அறிக்கை, நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் கனமழை நாட்கள் பெருகும் என்கிறது. இன்னொன்று, மொத்த மழையில் பெரிய மாற்றம் இராது என்கிறது. இரண்டும் கணினியிலிருந்து வந்தவை. இரண்டும் அறிவியல் என்றே சொல்லப்படுகின்றன.

இத்தகைய எண்களில் பெரும்பாலானவை வட்டாரக் காலநிலை மாதிரிகள் எனப்படும் நிரல்களின் வழியாக வருபவை. ஒரு மாதிரி 2050-ஆம் ஆண்டைப் பற்றிச் சொல்வதை இன்று யாராலும் சரிபார்க்க முடியாது. சரிபார்க்கக் கூடியது ஒன்றுதான்: ஏற்கெனவே இங்கே பெய்து முடிந்த மழையை, அடித்து ஓய்ந்த வெயிலை அந்த மாதிரி எவ்வளவு சரியாகக் காட்டியது என்பது. அந்தச் சோதனை எப்படி நடக்கிறது, அதில் எங்கெங்கே இடறல் வருகிறது, பிழை தெரிந்த பிறகு மாதிரியை எப்படித் திருத்துகிறார்கள் என்பதை அடிப்படையிலிருந்து இக்கட்டுரை விளக்குகிறது.

மாதிரி என்பது என்ன?

காற்றின் ஓட்டம், வெப்பம் பரவுதல், ஈரம் ஆவியாகி மேலேறிக் குளிர்ந்து நீராதல் ஆகிய அனைத்தும் இயற்பியல் சமன்பாடுகளாக எழுதக்கூடியவை. நிலப்பரப்பைச் சதுரக் கட்டங்களாகவும் வளிமண்டலத்தை அடுக்குகளாகவும் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் மிகச் சிறிய கால இடைவெளிகளில் இச்சமன்பாடுகளைத் தீர்த்துக்கொண்டே செல்லும் நிரல்தான் காலநிலை மாதிரி. கட்டத்தின் பக்க நீளம் எவ்வளவு என்பதே அதன் பிரிதிறன்.

உலகம் முழுவதையும் கணக்கிடும் மாதிரிகளில் ஒரு கட்டத்தின் பக்கம் சுமார் 100 கி.மீ. அளவில் இருப்பது வழக்கம். அந்த அளவில் சென்னையும் திருவள்ளூரும் காஞ்சிபுரமும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். கடற்கரை எங்கே தொடங்குகிறது என்பதே மாதிரிக்குத் தெரியாது. இக்குறையைப் போக்க, உலக மாதிரி தரும் காற்று, வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றை ஒரு பகுதியின் நான்கு எல்லைகளிலும் கடல்மேற்பரப்பு வெப்பநிலையை அதன் கடற்பரப்பிலும் கொடுத்து, அந்தப் பகுதிக்குள் மட்டும் நுண்ணிய கட்டங்களில் கணக்கிடும் முறை 1980-களின் இறுதியில் உருவானது. இதுவே வட்டாரக் காலநிலை மாதிரி. எல்லையில் கொடுக்கப்படும் தகவல்களை எல்லை நிபந்தனைகள் என்கிறார்கள். இத்தாலியின் திரியெஸ்தே நகரில் வளர்க்கப்பட்ட ரெக்சிஎம், அமெரிக்காவில் உருவான டபிள்யூஆர்எஃப், பிரிட்டன் வானிலைத் துறையின் பிரெசிஸ் ஆகியவை நம் நாட்டு ஆய்வாளர்கள் பரவலாகப் பயன்படுத்துபவை. வெவ்வேறு நாடுகளின் மாதிரிகளை ஒரே எல்லை, ஒரே காலம், ஒரே வடிவத்தில் ஓட்டி ஒப்பிடுவதற்காக உலகக் காலநிலை ஆய்வுத் திட்டம் 2009-இல் கார்டெக்ஸ் என்ற கூட்டு முயற்சியைத் தொடங்கியது. தெற்காசியாவுக்கான அதன் பணிகளைப் புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் ஒருங்கிணைக்கிறது. அதன் முதல் கட்ட ஓட்டங்கள், அதாவது மாதிரியைக் கணினியில் இயக்கிச் செய்த கணக்கீடுகள், சுமார் 50 கி.மீ. பிரிதிறனிலும் அடுத்தவை சுமார் 25 கி.மீ. பிரிதிறனிலும் அமைந்தன.

25 கி.மீ. என்பது நுண்மையாகத் தோன்றலாம். அதன் பரப்பைக் கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு கட்டம் 625 சதுர கி.மீ. ஆகிறது. பெருநகர சென்னை மாநகராட்சியின் மொத்தப் பரப்பே 426 சதுர கி.மீ.தான். இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மணலி, மாதவரம், எண்ணூர் அனைத்தும் ஒரே எண்ணால் குறிக்கப்படுகின்றன. அந்த எண்ணில் வங்கக்கடலின் ஒரு துண்டும் கலந்திருக்கலாம். வடசென்னைக்கான கணிப்பு என்று எவரேனும் ஓர் எண்ணைக் காட்டினால் முதலில் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி இது.

வானிலை முன்னறிவிப்பும் காலநிலை ஓட்டமும்

இரண்டுக்கும் சமன்பாடுகள் ஏறத்தாழ ஒன்றுதான். கேட்கப்படும் கேள்வி வேறு. முன்னறிவிப்பு இன்றைய வளிமண்டல நிலையிலிருந்து தொடங்கி நாளை எங்கே மழை என்று சொல்ல முயல்கிறது. காலநிலை ஓட்டம் முப்பது ஆண்டு மழையின் இயல்பைச் சொல்ல முயல்கிறது. அதன் டிசம்பர் 1-ஆம் தேதி என்பது நம் நாட்காட்டியின் டிசம்பர் 1 அல்ல. ஆகவே, "2015 வெள்ளத்தை இந்தக் காலநிலை மாதிரி அந்தத் தேதியில் காட்டவில்லை" என்று குறை சொல்வது பொருந்தாத விமர்சனம் ஆகிவிடக்கூடும்.

ஆகிவிடக்கூடும் என்று தயங்கிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மாதிரி ஓட்டங்கள் இரண்டு வகைப்படும்.

1. மதிப்பீட்டு ஓட்டம். எல்லை நிபந்தனைகளை உலக மாதிரியிலிருந்து எடுக்காமல் மறுபகுப்பாய்வுத் தரவிலிருந்து எடுப்பது. மறுபகுப்பாய்வு என்பது பலூன், கப்பல், விமானம், செயற்கைக்கோள், தரைநிலையம் ஆகியவற்றின் கடந்தகால அளவீடுகளை ஒரு மாதிரியோடு இணைத்து, உலகம் முழுவதற்கும் மணிக்கு மணி உருவாக்கிய மறுகட்டமைப்பு. ஐரோப்பிய நடுத்தரகால வானிலை முன்கணிப்பு மையத்தின் ஈஆர்ஏ-5 இதில் பெயர்பெற்றது. சுமார் 31 கி.மீ. பிரிதிறனில் 1940 முதல் கிடைக்கிறது. இந்தியப் பகுதிக்கென 12 கி.மீ. பிரிதிறனில் ஐஎம்டிஏஏ என்ற மறுபகுப்பாய்வும் உண்டு. இவ்வகை ஓட்டத்தில் எல்லைகள் உண்மையான வரலாற்றை ஒட்டியிருப்பதால், ஆண்டுக்கு ஆண்டு, பருவத்துக்குப் பருவம் ஒப்பிடலாம்.

2. வரலாற்று ஓட்டம். எல்லைகளை உலக மாதிரி தருகிறது. அதன் ஆண்டுகள் நம் ஆண்டுகள் அல்ல. சராசரி, ஏற்ற இறக்கம், உச்சங்களின் அடுக்கு ஆகிய புள்ளியியல் பண்புகளை மட்டுமே ஒப்பிடலாம்.

எதிர்காலக் கணிப்பு இரண்டாம் வகையின் நீட்சியாகவே வருகிறது. முதல் வகையில் நன்றாகத் தேறிய மாதிரி இரண்டாம் வகையில் சறுக்கினால் பழி வட்டார மாதிரியின் மீதன்று, அதற்கு உணவளித்த உலக மாதிரியின் மீது விழும். இரண்டையும் தனித்தனியே காட்டாத அறிக்கையிலிருந்து பிழை எங்கே பிறந்தது என்பதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

எதோடு ஒப்பிடுவது? அளவீடுகளின் நிலை

மாதிரியைச் சோதிக்கும் உரைகல் அளவீடுதான். ஆனால் அளவீடும் மாசற்றதன்று என்பதை இத்துறையில் புதிதாக நுழைபவர்கள் தாமதமாகவே உணர்கிறார்கள். இந்தப் பகுதியைச் சற்று விரிவாகச் சொல்வது அவசியம். ஒப்பீட்டில் நேரும் தவறுகளில் பல மாதிரியில் பிறப்பதில்லை, இங்கேதான் பிறக்கின்றன.

சென்னையின் வானிலைப் பதிவு நெடிய மரபுடையது. சென்னை வானாய்வகம் 1792-இல் நிறுவப்பட்டது. இன்று நீண்டகாலத் தொடர் பதிவாக ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்பவை நுங்கம்பாக்கமும் மீனம்பாக்கமும். இரண்டுமே வடசென்னைக்கு வெளியே உள்ளவை. நுங்கம்பாக்கத்துக்கும் எண்ணூருக்கும் இடையே நேர்க்கோட்டில் 20 கி.மீ.க்குச் சற்றுக் குறைவான தொலைவு. வடக்கே புழல், சோழவரம், பூண்டி ஏரிகளில் மழைமானிகள் உண்டு. எண்ணூரிலும் மாநகராட்சி மண்டலங்களிலும் பிற்காலத்தில் அமைந்த கருவிகள் உண்டு. துறைமுகப் பகுதியில் 2002-இல் டாப்ளர் ரேடார் அமைக்கப்பட்டது. இவற்றை மாதிரியோடு ஒப்பிட முனையும்போது பின்வரும் சிக்கல்கள் எழுகின்றன.

1. நாள் எப்போது தொடங்குகிறது? இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழை நாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது. அதற்கு முந்தைய 24 மணி நேர மழை அந்தத் தேதியின் கணக்கில் எழுதப்படுகிறது. 2015 டிசம்பர் 1 அன்று பகலும் இரவும் கொட்டிய மழை, பதிவேட்டில் டிசம்பர் 2-க்கு உரியதாகவே நிற்கிறது. மாதிரிகளின் நாளோ உலகப் பொதுநேரப்படி நள்ளிரவில், அதாவது நம் நேரப்படி காலை 5.30-க்குத் தொடங்கி மறுநாள் காலை 5.30-க்கு முடிகிறது. இதைச் சரிசெய்யாமல் தேதிக்குத் தேதி ஒப்பிட்டால் சரியாகப் பெய்த மழைகூட ஒரு நாள் தவறியதாகத் தெரியும். மணிக்கணக்குத் தரவிலிருந்து மாதிரியின் நாளை 8.30-க்கு மாற்றி அமைப்பதே முறை. எளிய வேலைதான், விட்டுவிட்டால் முடிவே தலைகீழாகும்.

2. புள்ளியும் பரப்பும். மழைமானி ஒரு கையகல வாயில் விழுவதை அளக்கிறது. மாதிரி ஒரு கட்டத்தின் சராசரியைச் சொல்கிறது. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ., மீனம்பாக்கத்தில் 35 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. பதிவானது. ஏறத்தாழ ஒரு கட்டத்தின் அகலத்துக்குள் இத்தனை வேறுபாடு. அதே கட்டத்துக்கு மாதிரி 40 செ.மீ. தந்திருந்தால் தாம்பரத்தோடு ஒப்பிடுபவர் குறை என்பார். நுங்கம்பாக்கத்தோடு ஒப்பிடுபவர் மிகை என்பார். உண்மையில் அது இந்நான்கின் சராசரிக்குச் சமம். 2025 ஆகஸ்ட் 30 இரவு மணலியில் சுமார் 27 செ.மீ. கொட்டியதும் இவ்வாறான குறுகிய பரப்பின் மழையே. நகரின் எல்லா மழைமானிகளும் அதைக் காணவில்லை.

3. கருவியின் குறைகள். பலத்த காற்றில் மழைமானி உண்மையைவிடக் குறைவாகவே பிடிக்கும். கவிழும் வாளி வகைத் தானியங்கிக் கருவி, மழை மிகத் தீவிரமாகும்போது ஒவ்வொரு கவிழ்ப்பிலும் சிறிது நீரைத் தவறவிடும். ஆக, புயல் நாளில், எந்த அளவீடு மிகவும் தேவையோ அந்த அளவீடே குறைத்துக் காட்டுகிறது.

4. கட்டத் தரவுகள். வானிலை ஆய்வுத் துறை 1901 முதலான தினசரி மழையை 0.25 பாகைக் (சுமார் 27 கி.மீ.) கட்டங்களில் தொகுத்திருக்கிறது. நாடு முழுவதும் 6,955 மழைமானிகளின் பதிவுகள் இதற்குப் பயன்பட்டன; எல்லாம் எல்லா ஆண்டுகளிலும் இயங்கியவை அல்ல. மழைமானிகள் நெருங்கிய இடத்தில் கட்டத்தின் எண் நம்பத் தகுந்தது. தொலைவான இடத்தில் அது அண்டை நிலையங்களிலிருந்து பெற்ற ஊகமே. இவ்வாறு நிரப்பும்போது உச்ச மழை மழுங்கிவிடுகிறது. மேலும் இத்தரவு நிலத்துக்கு மட்டுமே. எண்ணூருக்குக் கிழக்கே கடலின் மேல் அது எதையும் சொல்லாது.

5. செயற்கைக்கோள். ஐமெர்க் போன்ற தரவுகள் அரைமணிக்கு ஒருமுறை, 0.1 பாகை அளவில், கடலையும் சேர்த்துக் காட்டுகின்றன. ஆனால் நுண்ணலை உணரிகள் நிலத்தின் மேல் ஒரு வகையாகவும் கடலின் மேல் வேறு வகையாகவும் மழையைக் கணிக்க வேண்டியிருப்பதால், இரண்டும் சந்திக்கும் கரையோரத்தில் பிழை கூடுகிறது. வடசென்னை முழுவதும் அந்தக் கரையோரத்தில்தான் இருக்கிறது.

ஆகவே ஒரே ஒரு தரவோடு ஒப்பிட்டு ஒரு மாதிரிக்கு மதிப்பெண் போடுவதை ஏற்க இயலாது என்பதே என் உறுதியான கருத்து. இரண்டு மூன்று அளவீட்டுத் தரவுகளை எடுத்துக்கொண்டு, அவை தமக்குள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை முதலில் பார்க்க வேண்டும். மாதிரியின் விலகல் அந்த வேறுபாட்டுக்குள்ளேயே அடங்கினால், மாதிரி தவறு என்று சொல்ல நமக்கு ஆதாரம் இல்லை.

ஒப்பீட்டின் படிகள்

முதற்படி சாய்வு. மாதிரியின் சராசரியிலிருந்து அளவீட்டின் சராசரியைக் கழித்தால் கிடைப்பது. தொடர்ந்து ஒரே பக்கமாக விழும் பிழை என்று பொருள் கொள்ளலாம். மழைக்கு விழுக்காட்டிலும் வெப்பத்துக்குப் பாகையிலும் சொல்வார்கள். பெரும்பாலான அறிக்கைகள் இத்தோடு நின்றுவிடுகின்றன. அது போதாது.

சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மி.மீ. இதில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வங்கக்கடலில் உருவாகும் தாழ்வுப் பகுதிகளாலும் புயல்களாலும் கீழைக்காற்று அலைகளாலும் வருவது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்வது பெரும்பாலும் மாலையிலும் இரவிலும் எழும் இடிமழை. ஒரு மாதிரி தென்மேற்குப் பருவத்தில் மிகையாகவும் வடகிழக்குப் பருவத்தில் குறைவாகவும் பெய்வித்தால், ஆண்டு மொத்தம் அளவீட்டோடு அழகாகப் பொருந்திவிடும். இரண்டு தவறுகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு தேர்ச்சி பெற்றுவிடுகின்றன. தெற்காசிய மாதிரிகளின் மதிப்பீட்டில் ஜூன் – செப்டம்பர் பருவத்துக்கே முதலிடம் தரப்படுவது நாட்டளவில் நியாயமானதுதான். ஆனால் அந்தத் தேர்ச்சிச் சான்று எண்ணூருக்குச் செல்லாது. மாதவாரியான ஏற்ற இறக்கத்தைப் பார்த்த பிறகே மேலே செல்ல வேண்டும்.

அடுத்தது வடிவ ஒற்றுமை. மழை எங்கே அதிகம், எங்கே குறைவு என்ற பரவலை மாதிரி பிடிக்கிறதா என்பதை ஒட்டுறவுக் கெழு சொல்லும். ஏற்ற இறக்கத்தின் அளவைத் திட்ட விலக்கம் சொல்லும். மொத்த விலகலை வர்க்கச் சராசரி மூலப் பிழை சொல்லும். இவற்றை ஒரே படத்தில் ஒரு புள்ளியாகக் காட்டும் வரைபடத்தை காலநிலை ஆய்வாளர் கார்ல் டெய்லர் 2001-இல் அறிமுகப்படுத்தினார். பல மாதிரிகளை ஒரே பார்வையில் ஒப்பிட அது உதவுகிறது. ஆனால் சாய்வு அதில் தெரியாது என்பதால் தனித்து அதை நம்பக் கூடாது.

மூன்றாவது படிதான் வடசென்னைக்கு மிக முக்கியமானது: மழை எப்படிப் பங்கிடப்படுகிறது? வானிலை ஆய்வுத் துறை 2.5 மி.மீ.க்குக் குறையாமல் பெய்த நாளை மழை நாள் என்கிறது; 64.5 மி.மீ. முதல் கனமழை, 115.6 மி.மீ. முதல் மிகக் கனமழை, 204.4 மி.மீ.க்கு மேல் அதிகனமழை. மாதிரிகளில் நெடுங்காலமாகக் காணப்படும் ஒரு நோய், அடிக்கடி தூறுவது. உண்மையில் ஐந்து நாட்கள் வறண்டு ஆறாம் நாள் 120 மி.மீ. கொட்டும் இடத்தில், மாதிரி ஆறு நாளும் 20 மி.மீ. பெய்வித்திருக்கும். மொத்தம் ஒன்றே, சாய்வு சுழி. ஆனால் தெருவில் நடப்பது முற்றிலும் வேறு. ஆகவே மழை நாட்களின் எண்ணிக்கை, ஆண்டின் உச்ச ஒருநாள் மழை, 95-ஆம் சதமானத்துக்கு (நூறு மழை நாட்களில் தொண்ணூற்றைந்து நாட்களின் மழை எந்த அளவுக்குள் அடங்குமோ அந்த அளவு) மேற்பட்ட மழையின் பங்கு ஆகியவற்றைத் தனித்தனியே ஒப்பிட வேண்டும்.

நாளின் எந்த நேரத்தில் மழை என்பதும் நல்ல சோதனை. வடகிழக்குப் பருவத்தில் நம் கரையோர மழை பின்னிரவிலும் விடியற்காலையிலும் வலுப்பது வழக்கம். கோடை இடிமழை பிற்பகலுக்குப் பின் வரும். பரந்த கட்டங்களைக் கொண்ட மாதிரிகள் நிலத்தின் மேல் உச்சி வெயிலோடு சேர்த்தே மழையையும் கொண்டுவந்துவிடுகின்றன. மேகம் வளர எடுத்துக்கொள்ளும் நேரத்தை அவை அறிவதில்லை.

இடம் சற்றுத் தவறிய மழையை எப்படி மதிப்பிடுவது? எண்ணூரில் பெய்ய வேண்டியதை மாதிரி கும்மிடிப்பூண்டியில் பெய்வித்தால், புள்ளிக்குப் புள்ளி ஒப்பீடு அதற்கு இரட்டைத் தண்டனை தருகிறது: எண்ணூரில் தவறவிட்டது ஒன்று, கும்மிடிப்பூண்டியில் பொய்யாகப் பெய்வித்தது இன்னொன்று. மழையே காட்டாத மாதிரி ஒரே தண்டனையோடு தப்பிவிடும். இந்த அநீதியைத் தவிர்க்க, சுற்றுவட்டாரத்தில் எத்தனை பங்கு பரப்பில் கனமழை பெய்தது என்று பங்கை ஒப்பிடும் அளவைகள் 2008 முதல் பயன்பாட்டுக்கு வந்துள்ளன.

இவை அனைத்துக்கும் மேலாக, ஆண்டுக்கு ஆண்டு இயற்கையாகவே ஏற்படும் ஊசலாட்டத்தை மறக்கக் கூடாது. தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை 2015-இல் இயல்பைவிட 53 விழுக்காடு கூடுதல். மறு ஆண்டே 62 விழுக்காடு குறைவு. இப்படித் துள்ளும் ஒன்றைப் பத்தாண்டுச் சராசரியை வைத்து அளந்தால் தற்செயலையே அளந்ததாகும். குறைந்தது முப்பது ஆண்டுகள் வேண்டும். ஒரே மாதிரியின் ஓர் ஓட்டம் போதாது, பல மாதிரிகளின் தொகுப்பு வேண்டும்.

கடைசியாக, காரணத்தைச் சோதிப்பது. சரியான மழை அளவு தவறான வழியிலும் வரக்கூடும். மாதிரியில் வங்கக்கடல் தாழ்வுப் பகுதிகள் எத்தனை உருவாகின்றன, அவை எந்த அகலாங்கில் கரையைத் தொடுகின்றன, காற்று எத்திசையிலிருந்து ஈரம் கொண்டுவருகிறது என்பவற்றைப் பார்க்க வேண்டும். தாழ்வுப் பகுதியே இல்லாமல் டிசம்பர் மழையைச் சரியாகக் காட்டும் மாதிரியை எதிர்காலத்துக்கு நம்புவதற்கு இடமே இல்லை.

பிழை எங்கிருந்து வருகிறது, எப்படிக் குறைக்கிறார்கள்?

எல்லையில் தவறு இருந்தால் உள்ளே செய்யும் எந்தத் திருத்தமும் அதை முழுமையாக நீக்காது. ஆகவே வங்கக்கடலையும் பருவக்காற்றையும் ஒழுங்காகக் காட்டும் உலக மாதிரிகளைத் தேர்ந்தெடுப்பதே முதல் வேலை. கணக்கிடும் பரப்பையும் விரிவாக்க வேண்டும். கிழக்கு எல்லையைக் கரைக்கு அருகில் வைத்தால் தாழ்வுப் பகுதி உருவாகி வளர மாதிரிக்குக் கடலே இராது.

அடுத்தது கடல். பல ஓட்டங்களில் கடல்மேற்பரப்பு வெப்பநிலை முன்கூட்டியே எழுதித் தரப்பட்ட, புயலுக்கு ஏற்ப மாறாத எண்ணாக இருக்கிறது. உண்மைக் கடலோ புயல் கடந்தபின் கலங்கிக் குளிர்ந்து, புயலின் வலுவையே குறைக்கிறது. வளிமண்டலத்தையும் கடலையும் இணைத்து ஓட்டும் மாதிரிகள் இக்குறையைச் சரிசெய்ய வந்தவை.

மிகப் பெரிய சிக்கல் வெப்பச்சலனம், அதாவது சூடான ஈரக்காற்று செங்குத்தாக எழுந்து இடிமேகமாவது. ஓர் இடிமேகத்தின் அகலம் சில கிலோமீட்டர், 25 கி.மீ. கட்டத்துக்குள் அது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே மேகத்தை நேரடியாகக் கணக்கிடாமல், கட்டத்தின் சராசரி வெப்பத்தையும் ஈரத்தையும் கொண்டு இவ்வளவு மழை பெய்திருக்கும் என்று ஒரு விதியால் ஊகிக்கிறார்கள். இதற்கு அளபுருவாக்கம் என்று பெயர். இமானுவேல், கிரெல், டீட்கே, கெய்ன்–ஃப்ரிட்ஷ் எனப் பல திட்டங்கள் உள்ளன. திட்டத்தை மாற்றினால் அதே எல்லைகளோடு, அதே பருவத்தில், மழையின் அளவும் இடமும் மாறிவிடுகின்றன. கேரளக் கரையின் ஜூன் மழைக்குப் பொருந்திய திட்டம் நம் நவம்பர் மழைக்குப் பொருந்த வேண்டிய கட்டாயம் இல்லை. தூறல் நோயும் உச்சிவேளை மழையும் பெரும்பாலும் இந்த ஊகத்திலிருந்தே பிறக்கின்றன.

கட்டத்தைச் சுமார் 4 கி.மீ.க்குக் கீழே கொண்டுவந்தால் ஊகத்தை நிறுத்திவிட்டு மேகத்தை நேரடியாகவே கணக்கிட முடியும். மணிவாரி உச்ச மழையையும் மழை நேரத்தையும் காட்டுவதை இத்தகைய நுண்கட்ட மாதிரிகள் தெளிவாகவே மேம்படுத்துகின்றன. விலை கடுமையானது: கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் இரு திசைகளிலும் கட்டங்கள் இரட்டிப்பாகி, கால இடைவெளியும் பாதியாக, கணக்கீடு சுமார் எட்டு மடங்காகிறது. 24 கி.மீ.யிலிருந்து 3 கி.மீ.க்கு வர மூன்று முறை பாதியாக்க வேண்டும். கணக்கீடு ஏறத்தாழ 512 மடங்கு. முப்பது ஆண்டுகளுக்கு, பல மாதிரிகளுக்கு, பல எதிர்காலச் சூழல்களுக்கு இதைச் செய்ய மீத்திறன் கணினிகளே திணறுகின்றன.

நிலமும் ஒரு காரணி. மாதிரியின் நிலப்பயன்பாட்டு வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகமும் உப்பளங்களும் சதுப்பும் பயிர்நிலமாகக் குறிக்கப்பட்டிருந்தால், இராயபுரத்தின் நெருக்கமான கட்டடங்கள் புல்வெளியாகக் குறிக்கப்பட்டிருந்தால், பகல் வெப்பமும் ஈரமும் இரவு வெப்பமும் தவறும். கட்டத்தில் கடல் கலந்திருந்தால் கோடை உச்ச வெப்பம் குறைத்தே காட்டப்படும். 2003 மே 31 அன்று சென்னையில் 45 பாகை பதிவானதைப் போன்ற நாட்கள் கடற்காற்று தாமதமாகும்போது வருபவை. கரை எங்கே என்று தெரியாத மாதிரி கடற்காற்றை அறியாது.

இத்தனை இடங்களிலும் ஒரே நேரத்தில் கை வைப்பது தவறு. ஒவ்வொன்றாக மாற்றி ஓட்டி விளைவைப் பார்ப்பதே முறை. ஒரு காலப்பகுதியின் அளவீட்டைக் கொண்டு மாதிரியைச் சீராக்கினால், சோதனையை வேறொரு காலப்பகுதியில்தான் நடத்த வேண்டும். 2015-ஐப் பார்த்துத் திருத்திய மாதிரி 2015-ஐச் சரியாகக் காட்டுவது வெற்றியன்று. 2005 பெருமழையையும் 2023 மிக்ஜாம் புயல் காலத்தையும் காட்டுகிறதா என்பதே கேள்வி.

சாய்வுத் திருத்தம்: உதவியும் அபாயமும்

மாதிரியைத் திருத்துவது ஒன்று. மாதிரியின் எண்களை மட்டும் பின்னர் திருத்துவது வேறொன்று. பத்திரிகைக்கு வரும் கணிப்புகளில் இரண்டாவதே அதிகம் நடக்கிறது. எளிய முறையில் சராசரி வேறுபாட்டைக் கழித்துவிடுவார்கள். சதமானப் பொருத்தம் என்ற முறையில், மாதிரியின் மழைப் பங்கீட்டை அளவீட்டின் பங்கீட்டோடு ஒவ்வொரு சதமானத்திலும் பொருத்துவார்கள். முடிவில் கடந்தகாலம் கச்சிதமாக ஒத்துப்போகும். ஒத்துப்போகவே செய்யும், அதற்காகத்தான் அது திருத்தப்பட்டது. அதை மாதிரியின் திறனுக்குச் சான்றாகக் காட்டுவது வாசகரை ஏமாற்றுவதாகும்.

நாள்தோறும் பத்து நிமிடம் முந்தியே காட்டும் கடிகாரத்தை மனத்தில் கழித்துப் பயன்படுத்தலாம். சில நாள் முந்தியும் சில நாள் பிந்தியும் ஓடும் கடிகாரத்தை அப்படிப் பயன்படுத்த முடியாது. சாய்வுத் திருத்தத்தின் அடியில் உள்ள எடுகோள் இதுதான்: இன்றைய பிழை நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அதே அளவில், அதே திசையில் இருக்கும். பிழை வெப்பச்சலனத்திலிருந்து வருகிறது என்றால், வெப்பமான எதிர்காலத்தில் அது மாறாமலிருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. தாழ்வுப் பகுதிகளே குறைவாக உருவாகும் மாதிரியில் தூறலைப் பெருக்கிக் கனமழையாக்கினால், எதிர்காலத் தூறலின் மாற்றம் கனமழையின் மாற்றமாக வேடமிட்டு வரும். மழையையும் வெப்பத்தையும் தனித்தனியே திருத்தினால் இரண்டுக்கும் இடையிலான இயற்கை உறவும் அறுபடலாம். மேலும் முப்பது ஆண்டுப் பதிவில் ஒருமுறைகூட நிகழாத உச்ச மழைக்குத் திருத்தக் காரணியை எங்கிருந்து எடுப்பது?

இதனால் சாய்வுத் திருத்தம் வேண்டாம் என்றாகாது. வெள்ள மாதிரிக்கு மழையை ஊட்ட அது தேவைப்படுகிறது. திருத்துவதற்கு முன் இருந்த எண்ணையும் பின் வந்த எண்ணையும் அருகருகே வெளியிட வேண்டும் என்பதே கோரிக்கை. திருத்துவதற்கு முன் மாதிரியின் மழை, அளவீட்டில் பாதியாக இருந்தது என்று தெரிந்தால், திருத்தப்பட்ட எண்ணை எவ்வளவு நம்புவது என்பதை வாசகரே முடிவு செய்துகொள்வார்.

வடசென்னையின் வடிகாலுக்கு இதனால் என்ன?

கொசஸ்தலையாறு எண்ணூரில் கடலில் கலக்கிறது. அதன் வடிநிலத்தில் திருவொற்றியூர், மணலி, மாதவரம் உள்ளிட்ட பகுதிகளுக்கான மழைநீர் வடிகால் திட்டத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2021-இல் கடன் ஒப்புதல் அளித்தது. இத்தகைய கட்டமைப்பு பல பத்தாண்டுகள் நிலைத்திருக்கும் என்பதால், வரப்போகும் மழையின் அளவு அதன் குழாய் அகலத்தையே தீர்மானிக்கிறது.

வடிகாலுக்குத் தேவையான எண் ஆண்டு மழையுமன்று, நாள் மழையுமன்று. மணிக்கு எத்தனை மி.மீ. என்பதே. 200 மி.மீ. மழை 24 மணி நேரம் சீராகப் பெய்தால் மணிக்கு 8 மி.மீ. சொச்சம், நான்கு மணி நேரத்தில் கொட்டினால் மணிக்கு 50 மி.மீ. முதலாவதை வடிகால் தாங்கும். இரண்டாவது பேசின் பாலம் சுற்றுப்புறத்தையும் புளியந்தோப்பையும் மூழ்கடிக்கும். தூறல் நோயுள்ள 25 கி.மீ. மாதிரி இந்த வேறுபாட்டைக் காட்டாது. தாழ்வான, சமதளமான நிலம் இது. கடல் ஏற்றத்தின்போது முகத்துவாரத்தில் நீர் வெளியேறத் தயங்கும். எனவே மழையின் உச்ச நேரமும் ஏற்ற நேரமும் ஒன்றாக வருவதை மாதிரி எவ்வளவு முறை காட்டுகிறது என்பதும் தெரிய வேண்டும். நாள் மொத்தத்தைக் கொண்டு இதைக் கணக்கிடவே முடியாது.

ஆகவே, வடசென்னைக்கான கணிப்பு எதுவாயினும் அதை வெளியிடுபவரிடம் கேட்க வேண்டியவை:

1. கட்டத்தின் பக்கம் எத்தனை கி.மீ.? அந்தக் கட்டம் நிலமா, கடலா?
2. மறுபகுப்பாய்வு எல்லைகளோடு ஓட்டிய மதிப்பீட்டின் முடிவு அக்டோபர் – டிசம்பருக்குத் தனியே காட்டப்பட்டுள்ளதா?
3. ஒப்பிட்ட மழைமானிகளில் புழலுக்கும் எண்ணூருக்கும் இடைப்பட்டவை எத்தனை?
4. திருத்தத்துக்கு முந்தைய சாய்வு எவ்வளவு?
5. எத்தனை மாதிரிகள், அவற்றுள் எத்தனை ஒரே திசையைக் காட்டுகின்றன?

இக்கேள்விகளுக்கு நேர்மையாக விடை தேடும்போது, சில வேளைகளில் "தெளிவான மாற்றம் தெரியவில்லை" என்பதே முடிவாகும். 2015 சென்னை மழையைப் பற்றி 2016-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு, அந்த அளவு மழைக்கான வாய்ப்பை மனிதச் செயல்பாடுகள் கூட்டியதாகக் கண்டறிய முடியவில்லை என்றே முடிவு கூறியது. அளவீட்டையும் மாதிரியையும் அருகருகே வைத்துப் பார்த்து அப்படிச் சொன்னது. அதை எவரும் காலநிலை மாற்றமே இல்லை என்று திரித்துக்கொள்ளக் கூடாது. ஒரு நிகழ்வில், ஒரு வட்டாரத்தில், கையிலுள்ள சான்று எவ்வளவு தூரம் செல்லும் என்பதைச் சொல்லும் முடிவு அது.

குறையும் தேவையும்

3 கி.மீ. மாதிரியைச் சோதிக்க அதற்கு ஈடான நுண்மையுள்ள அளவீடு வேண்டும். இங்கே மாதிரி முன்னே ஓடுகிறது, மழைமானி பின்தங்கி நிற்கிறது. கணினிக்குச் செலவிடும் தொகையில் ஒரு சிறு பங்கைத் திருவொற்றியூர் முதல் மாதவரம் வரை மணிவாரி மழைமானிகளை நெருக்கமாக நிறுவி, பராமரித்து, இடம் மாறாமல் முப்பது ஆண்டு காக்கச் செலவிட்டால் அதன் பலன் எந்தப் புதிய மாதிரியின் பலனுக்கும் குறைந்ததாக இராது என்று கருதுகிறேன். மாநகராட்சி, நீர்வளத் துறை, வானிலைத் துறை ஆகிய மூன்றின் பதிவுகளும் ஒரே நேரக் குறிப்பில், ஒரே வடிவில், பொதுவெளியில் கிடைக்க வேண்டும். கருவி இடம் மாறிய தேதியும் பழுதாக இருந்த நாட்களும் அவற்றோடு சேர்த்தே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

துறைமுக ரேடாரின் பதிவு, பழுதால் நின்ற காலங்கள் இடையிடையே இருந்தாலும், இருபது ஆண்டுகளுக்கு மேல் பரந்திருக்கிறது. ரேடார் நேரடியாக மழையை அளப்பதில்லை. மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் அலையின் வலிமையை அளந்து, ஒரு சமன்பாட்டால் மழையாக மாற்றுகிறது. அந்தச் சமன்பாட்டைப் புழல், சோழவரம், எண்ணூர் மழைமானிகளோடு ஒப்பிட்டுத் திருத்தி, ஒரு கிலோமீட்டர் கட்டத்தில் மணிவாரி மழைத் தொகுப்பாக வெளியிட்டால், நிலத்தையும் கடலையும் ஒருசேரக் காட்டும் உரைகல் ஒன்று இவ்வட்டாரத்துக்குக் கிடைக்கும். நவம்பர் பின்னிரவில் கடலின் மேல் எழும் மேகக்கூட்டம் எந்த நேரத்தில் எண்ணூர்க் கரையைத் தொடுகிறது, எத்தனை கிலோமீட்டர் உள்ளே வந்து ஓய்கிறது என்பவற்றை மாதிரி சரியாகக் காட்டுகிறதா என்று அதைக் கொண்டு முதன்முறையாக மணிக்கு மணி பார்க்க முடியும்.